விலை உண்டு, சம்மதம் இல்லை

‘குட் பேட் அக்லி’ படத்தில் இளையராஜாவின் பழைய பாடல்களைப் பயன்படுத்துவதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 செப்டம்பரில் இடைக்காலத் தடை விதித்தது முதலாக, ‘இசைக் கம்பெனிக்குப் பணம் கொடுத்து உரிமை வாங்கியாகிவிட்டது, இன்னும் இந்தப் பெரியவருக்கு என்ன வேண்டும்?’ என்று கேட்பவர்கள் பெருகிவருகிறார்கள். இவர்கள் ரசீதைப் பார்த்த அளவுக்குப் பாட்டைக் கேட்டவர்களாகத் தோன்றவில்லை.

பழைய பாட்டைப் புதிய படத்தில் செருகும் மோகத்துக்குத் தூபமிட்டது, உள்ளதைச் சொன்னால், ஒரு நல்ல படம். 1991இல் ‘குணா’வுக்காக வாலி எழுதிய ‘கண்மணி அன்போடு’ பாடல், சித்தம் கலங்கிய ஒருவன் தான் கடத்திவந்த பெண்ணுக்குக் கடிதம் சொல்லும் சந்தர்ப்பத்துக்கென்றே பிறந்தது. ‘குணா’ படமாக்கப்பட்ட அதே கொடைக்கானல் குகையின் குழியிலிருந்து, சேறும் இரத்தமும் அப்பிய நண்பனைக் கயிற்றில் கட்டி மேலே இழுக்கும் கட்டத்தில், 2024இல் வந்த ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ அப்பாடலை ஒலிக்கவிட்டபோது அரங்கம் உருகியது, நானும் உருகினேன். அதன் பொருத்தத்தை விட்டுவிட்டு, பழைய பாட்டைத் தொட்டால் கைதட்டல் நிச்சயம் என்னும் சூத்திரத்தை மட்டும் நம்மவர்கள் பிடித்துக்கொண்டார்கள். இளையராஜாவின் வக்கீல் நோட்டீஸ் அந்தப் படத்துக்கும் போயிற்று.

இவ்விஷயத்தில் எனக்கு ஓயாமல் நினைவுக்கு வருவது 1968. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’ படத்துக்கு அலெக்ஸ் நார்த் என்பவரைக் கொண்டு இசை எழுதுவித்த ஸ்டான்லி குப்ரிக், அதை அடியோடு ஒதுக்கிவிட்டு, படத்தொகுப்பின்போது தற்காலிகமாக வைத்திருந்த இசைத்தட்டுகளையே நிரந்தரமாக்கினார், தம் இசை படத்தில் இல்லை என்பதை நார்த் திரையிடலில் உட்கார்ந்தபோதுதான் அறிந்தார். அத்தட்டுகளில் இசையமைப்பாளர் ஜியார்ஜ் லிகெட்டியின் ஆக்கங்கள் நான்கு இருந்தன. அவருடைய சம்மதம் கேட்கப்படவில்லை. ஒன்று மின்னணு முறையில் உருத்திரிக்கவும் பட்டது. படத்தை லிகெட்டி பிற்காலத்தில் வியந்தார் என்பதைச் சிலர் சாக்காகக் காட்டுவதுண்டு. திருடுபோன நகை திருடியவன் வீட்டுப் பெண்ணுக்கு அழகாக இருந்ததென்று உடையவன் ஒப்புக்கொண்டால், திருட்டு தானமாகிவிடுமா? மேதையாகிய குப்ரிக்கையே மன்னிக்க மனம் வராத எனக்கு, இந்தக் குட்டி மேதைகளை மன்னிக்க என்ன அவசியம்?

நம் பதிப்புரிமைச் சட்டமும் விசித்திரமானது. ஒரு பாட்டை வேறொருவர் பாடித் தட்டு வெளியிட வேண்டுமானால் முதற்பதிவுக்குப் பின் ஐந்து வருஷம் காத்திருக்க வேண்டும், அநாவசியமாக ஓர் அட்சரத்தையும் மாற்றலாகாது, வருஷத்துக்கு 50,000 பிரதிகளுக்காவது உரிமைத்தொகை செலுத்த வேண்டும் என்றெல்லாம் 31சி பிரிவு விதிக்கிறது. 2012ஆம் வருஷத் திருத்தமோ, திரையரங்குக்கு வெளியே கிடைக்கும் வருமானத்தில் கவிஞருக்கும் இசையமைப்பாளருக்கும் சமபங்கு அளித்தது. எல்லாம் காசுக் கணக்கு! உரிமைப் பத்திரம் கம்பெனியின் கையில் இருந்துவிட்டால், பாட்டின் பல்லவியை வெட்டி, வில்லனை உதைக்கும் காட்சிக்குப் பின்னால் ஒட்டுவதற்குப் படைத்தவரைக் கேட்டாக வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை.

இளையராஜாவுக்குப் பேராசை என்பவர்களுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவர்கள் பெரும்பாலும் வியாபாரிகள். இன்னும் பத்து வருஷம் இப்படியே போனால் புதிய மெட்டென்பதே தமிழ்ப் படத்தில் அற்றுப்போகும். ஆகையால், எந்தக் காட்சிக்கென்று குறிப்பிட்டு, இசையமைப்பாளர், கவிஞர் இருவரிடமும், இறந்திருந்தால் வாரிசுகளிடமும், எழுத்து மூலம் சம்மதம் பெறாத எந்தப் பழைய பாட்டும் புதிய படத்தில் இடம்பெறலாகாது என்று பாராளுமன்றம் ஒரே வரியில் விதித்துவிட வேண்டும். வாலி 2013இல் காலமானார். அவர் சொற்களை எடுத்தாண்டதைப் பற்றி, இத்தனை கூச்சலுக்கிடையே, ஒருவரும் பேச்சே எடுக்கவில்லை.