அளவு நாடாவும் அரசின் கடமையும்

2021 ஜனவரியில் திரிபுராவின் தலைநகர் அகர்தலாவில், ஒரு நிகழ்ச்சியில் கலந்துகொண்டுவிட்டு இரவில் வீடு திரும்பிக்கொண்டிருந்த நால்வர் காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களது பாலினத்தை "உறுதிசெய்ய" ஆடைகளைக் களையவைத்ததாகவும், இனிமேல் பெண் உடை அணிய மாட்டோம் என்று எழுதி வாங்கியதாகவும் அவர்கள் அளித்த புகார் நாடு முழுவதும் பேசப்பட்டது. தன் பாலினம் எது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தந்த மனிதருக்கே உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்து ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் கழிந்த நேரம் அது. தீர்ப்பு தில்லியில் இருந்தது; சோதனை அகர்தலாவில் நடந்தது.

இந்தச் சோதனை காவல் நிலையத்தில் மட்டும் நடப்பதில்லை. ரயில் பெட்டியில், வாடகைக்கு வீடு கேட்கும் வாசலில், வேலை கேட்டுப் போகும் இடத்தில் திருநங்கையின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே பார்வை அவரது மார்புக்குப் போகிறது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் "வேடம்"; இருந்தால் "உண்மையா, பஞ்சா?" என்ற கேலி. திரைப்பட நகைச்சுவை பல ஆண்டுகளாக இதையே பிழைப்பாகக் கொண்டிருந்தது. அந்தக் கேலிக்கு அப்பால், ஒரு திருநங்கையின் மார்பக வளர்ச்சி என்பது மருத்துவம், விலைவாசி, உள்ளாடை, அன்றாட உடல்வலி எல்லாம் கலந்த ஒரு வாழ்க்கைப் பிரச்சனை என்பதை அரசியல் மேடைகள் பேசுவதில்லை. சமத்துவத்தைப் பற்றிய கட்டுரைகள் கழுத்துக்கு மேலேயே நின்றுவிடுகின்றன.

மருத்துவ உண்மை எளிமையானது. மருத்துவர் மேற்பார்வையில் எஸ்ட்ராடையால் என்ற பெண் ஹார்மோனும், டெஸ்டோஸ்டிரோனின் செயலைக் கட்டுப்படுத்தும் மருந்தும் தரப்படும்போது, மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் முலைக்காம்பின் அடியில் சிறு கட்டிபோல் திசு திரளத் தொடங்குகிறது. பருவமடையும் சிறுமிக்கு வருவது போன்ற அதே வலியும் கூச்சமும் வரும். சட்டை உரசினாலே நோகும். வளர்ச்சி முழுமையடைய இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். வளரும் அளவு ஆளுக்கு ஆள் மாறும். பெரும்பாலும் அது எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இருக்கும். ஐரோப்பிய மருத்துவமனைகளில் 229 திருநங்கையரிடம் மேற்கொள்ளப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், ஓராண்டு சிகிச்சைக்குப் பின்னும் ஏறத்தாழப் பாதிப்பேரின் மார்பக அளவு, அங்குள்ள மிகச் சிறிய "ஏஏஏ" கப்பைக்கூட எட்டவில்லை. அந்த ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி அதைவிட முக்கியமானது. ரத்தத்தில் எஸ்ட்ராடையால் கூடுதலாக இருந்தவர்களுக்கு மார்பகம் கூடுதலாக வளர்ந்துவிடவில்லை. அதாவது, மாத்திரையை இரட்டிப்பாக்கினால் மார்பகம் இரட்டிப்பாகாது.

இந்த ஒரு வாக்கியம் இந்தியாவின் நகரங்களில் உள்ள திருநங்கையருக்கு உரிய நேரத்தில் சொல்லப்பட்டிருந்தால் எத்தனையோ உடல்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். ஏனெனில் வீட்டைவிட்டு வெளியேறி ஹிஜ்ரா குடும்பத்தில் சேரும் இளம் வயதினருக்கு முதலில் கிடைக்கும் "மருத்துவம்" மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் கருத்தடை மாத்திரைதான். மாலா-டி போன்ற மாத்திரைகள் குடும்பக்கட்டுப்பாட்டுக்காக அரசே மலிவு விலையில் விநியோகிப்பவை. அவற்றில் உள்ளது எத்தினைல் எஸ்ட்ராடையால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜன். நாளுக்கு ஒன்றாகப் பெண்கள் கருத்தடைக்கு எடுக்கும் அந்த மாத்திரையை மூன்று, நான்கு என்று விழுங்கும்போது காலின் ஆழ்நாளங்களில் ரத்தம் உறைவதற்கும், அந்த உறைகட்டி நுரையீரலுக்குப் போய் உயிரைப் பறிப்பதற்குமான ஆபத்து கூடுகிறது. புகைப்பழக்கம் இருந்தால் ஆபத்து மேலும் பெருகும். பாலின மாற்றச் சிகிச்சைக்கு இந்தக் குறிப்பிட்ட ஈஸ்ட்ரோஜனைத் தரவேண்டாம் என்று சர்வதேச மருத்துவ வழிகாட்டுதல்கள் நெடுங்காலமாகவே சொல்லிவருகின்றன. ஆனால் அந்த வழிகாட்டுதலை வாசிக்கவேண்டிய மருத்துவர் அரசு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் இல்லை. இருந்தாலும், ஆண்கள் வரிசையில் நிற்பதா பெண்கள் வரிசையில் நிற்பதா என்ற இடத்திலேயே நோயாளி திரும்பிப் போய்விடுகிறார். இதை அறியாமை என்று சொல்லி அந்தத் திருநங்கையின் தலையில் பழிபோடுவது நேர்மையாகாது. வேறு கதவுகள் அடைக்கப்பட்ட பிறகு திறந்திருந்த ஒரே கதவு வழியாக அவர் போனார், அவ்வளவே.

மாத்திரை போதவில்லை என்றால் அடுத்தது அறுவைச் சிகிச்சை. சிலிக்கான் பொருத்தித் தரும் தனியார் மருத்துவமனைகளில் செலவு லட்சத்தைத் தாண்டும். கடைகளில் கைதட்டிப் பெறும் பத்தும் இருபதும், பாலியல் தொழிலில் கிடைப்பதும் இந்தக் கணக்கில்தான் போய்ச் சேருகின்றன. அதற்காக வாங்கும் கடன் மீண்டும் அதே தெருவுக்கே அவரை அனுப்புகிறது.

இனி உள்ளாடை. இதைப் பேசும்போது சிரிப்பவர்கள் சற்றுப் பொறுக்கவேண்டும்.

பிராவின் அளவு இரண்டு அளவுகளால் ஆனது. மார்பகத்துக்குக் கீழே, விலா எலும்பைச் சுற்றி மூச்சை விட்ட நிலையில் நாடாவை ஓரளவு இறுக்கமாகப் பிடித்து எடுப்பது ஒன்று. அதுதான் 32, 34, 36 என்ற எண். மார்பகத்தின் மிக உயர்ந்த இடத்தைச் சுற்றி, நாடாவைத் தளர்வாகப் பிடித்து எடுப்பது மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஓர் அங்குலமானால் ஏ, இரண்டானால் பி, மூன்றானால் சி. இதில் திருநங்கைக்கு வரும் சிக்கல் உடற்கூறு சார்ந்தது. பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் விரித்த விலா எலும்பையும் தோளையும் எந்த மாத்திரையும் சுருக்காது. ஆகவே எண் பெரிதாகவும் கப் சிறிதாகவும் வருகிறது. விலாவைச் சுற்றி 38, மார்பகத்தின் மேல் 39 என்றால் அவருக்கு வேண்டியது 38 ஏ. ஆனால் கடைக்காரரிடம் அது இருப்பதில்லை. மலிவான ரகங்களில் கப்பின் எழுத்தே அச்சிடப்படுவதில்லை, எண் மட்டும்தான். எண் கூடக்கூடக் கப்பும் கூடும் என்று வைத்துத் தைக்கப்பட்டவை அவை. 38ஐ வாங்கினால் கப் காலியாக மடங்கி, மேலாடையில் குழி விழுகிறது. கப்பைப் பார்த்து 34ஐ வாங்கினால் பட்டை சதையை அறுக்கிறது, மூச்சு முட்டுகிறது, தோளில் தழும்பு விழுகிறது. வளரத் தொடங்கிய மாதங்களில், தொட்டாலே வலிக்கும் காலத்தில், இந்த இறுக்கம் என்ன செய்யும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காலியான இடத்தைத் துணிச்சுருளால் நிரப்பிக்கொள்வதும், அது வியர்வையில் நனைந்து தோல் வெந்துபோவதும் அன்றாடம்.

தீர்வுகள் பெரிய ஞானம் அல்ல. ஒரே கொள்ளளவு கொண்ட கப், எண்ணும் எழுத்தும் மாறிப் பல அளவுகளில் கிடைக்கும்: 38 ஏ-யும் 36 பி-யும் கப்பின் கொள்ளளவில் ஒன்றே. 36 பி-யை வாங்கிப் பின்புறம் கூடுதல் கொக்கித் துண்டு ஒன்றை மாட்டிப் பட்டையை நீட்டிக்கொள்ளலாம். தையல் பொருட்கள் விற்கும் கடைகளில் அது சில ரூபாய்க்குக் கிடைக்கும். முதல் ஆண்டில் கம்பி வைத்ததைத் தவிர்த்து மென்மையான பருத்தி உள்ளாடை அணிவது நல்லது. வளர்ச்சி நடக்கும் காலத்தில் சில மாதங்களுக்கு ஒருமுறை அளவை மீண்டும் எடுக்கவேண்டும். இதையெல்லாம் ஒரு தாயோ அக்காவோ சொல்லித்தரும் வயதில் திருநங்கை வீட்டில் இல்லை. கடையில் அளவெடுக்க எவரும் முன்வருவதில்லை. போட்டுப் பார்க்கும் அறைக்குள் அனுமதியும் இல்லை. சாலையோரத் தள்ளுவண்டியில் குத்துமதிப்பாக எடுத்துக்கொண்டு வருவதே வழக்கம். உள்ளாடை வாங்கும் உழைக்கும் பெண்களில் பலருக்கும் இந்தக் கதை அந்நியமானதல்ல. தங்களுக்குப் பொருந்தாத அளவை வாழ்நாள் முழுவதும் அணிந்து, தோள்வலியைத் தலைவிதி என்று எண்ணுபவர்கள் ஏராளம். எந்த அளவைத் தைப்பது என்பதைச் சந்தையில் உடல் தீர்மானிப்பதில்லை. எது வேகமாக விற்றுத் தீரும் என்ற கணக்கு தீர்மானிக்கிறது. பயன்மதிப்புக்கும் பரிவர்த்தனை மதிப்புக்கும் உள்ள முரண்பாட்டை வகுப்புகளில் விளக்கும் தோழர்கள் இதை ஓர் எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தலாம்.

மார்பை மறைக்கும் துணி அரசியல் ஆவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள் போராடினர். 1859 ஜூலை 26 அன்று மன்னர் வெளியிட்ட பிரகடனம் அவர்கள் மார்பை மறைக்கலாம் என்று அனுமதித்தது. கூடவே, மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் உடுத்தக்கூடாது என்றும் நிபந்தனை போட்டது. "மறைத்துக்கொள், ஆனால் அவர்களைப் போல ஆகிவிடாதே" என்பதே அதன் பொருள். 2023 மார்ச்சில் நாகர்கோவிலில் அந்தப் போராட்டத்தின் 200ஆம் ஆண்டு விழாவில் தமிழ்நாடு, கேரள முதல்வர்கள் இருவரும் கலந்துகொண்டனர். திருநங்கைக்கு இன்றைய சமூகம் தரும் அனுமதியும் அந்தப் பிரகடனத்தின் சாயலில்தான் இருக்கிறது. "மூன்றாம் பாலினம்" என்று அட்டை தருவார்கள். பெண்ணாக இருக்க விடமாட்டார்கள்.

ஒன்றிய அரசிடம் சட்டம் இல்லாமல் இல்லை. 2019இல் இயற்றப்பட்ட திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, பாலின மாற்ற அறுவைச் சிகிச்சையையும் ஹார்மோன் சிகிச்சையையும் அரசு வழங்கவேண்டும், காப்பீட்டில் சேர்க்கவேண்டும், மருத்துவப் பாடத்திட்டத்தை மறுபரிசீலனை செய்யவேண்டும் என்று கூறியது. 2022 ஆகஸ்ட்டில் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் திருநர்க்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் காப்பீடு என்று ஆரவாரத்துடன் அறிவிக்கப்பட்டது. ஆனால் அந்தத் திட்டம் மருத்துவமனையில் படுக்கும் நோயாளியை மையமாக வைத்துக் கட்டப்பட்டது. ஹார்மோன் சிகிச்சை பெறுபவர் படுக்கையில் படுப்பதில்லை. அவருக்கு வேண்டியது ஆண்டுக்கணக்கில் தினமும் மாத்திரை, சில மாதங்களுக்கு ஒருமுறை ஹார்மோன் அளவு, பொட்டாசியம், கல்லீரல் பரிசோதனை, சந்தேகம் கேட்க ஒரு மருத்துவர். காப்பீட்டின் மூலம் தனியார் மருத்துவமனைக்குப் பணம் போகும் வழியைத் திறந்துவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பட்டினி போடும் கொள்கையில் இந்த எளிய தேவைக்கு இடமில்லை. காப்பீட்டைப் பெறுவதற்கும் முதலில் இணையத்தில் விண்ணப்பித்து அடையாளச் சான்றிதழ் வாங்கவேண்டும். வீட்டாரிடம் ஆவணங்களை விட்டுவிட்டு ஓடிவந்தவருக்கு இதுவே முதல் தடை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 4,87,803 பேரை "மற்றவர்" பாலினத்தில் பதிவுசெய்தது. அந்த எண்ணிக்கையே குறைவானது என்று திருநர் அமைப்புகள் சொல்லிவருகின்றன.

தமிழ்நாட்டில் 2008இல் அமைந்த நல வாரியமும் அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவச அறுவைச் சிகிச்சையும், 2015இல் கேரளம் கொண்டுவந்த திருநர் கொள்கையும், மாநில அரசுகள் மனம்வைத்தால் முடியும் என்பதற்குச் சான்றுகள். இருந்தும் அறுவைச் சிகிச்சை ஒரு நாள் நிகழ்வு, செய்தியாகிறது, புகைப்படமாகிறது. அதற்கு முன்னும் பின்னும் நீளும் ஆண்டுகள் செய்தியாவதில்லை. ஈஸ்ட்ரோஜன் எடுக்கும் திருநங்கையருக்கு, ஆண்களோடு ஒப்பிடும்போது மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது என்று 2019இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு காட்டியது. பெண்களைவிடக் குறைவுதான் என்றாலும், கட்டியைக் கவனிக்கச் சொல்லித்தர ஒருவராவது வேண்டும். கிராமத்துப் பெண்களிடம் இந்த விழிப்புணர்வைக் கொண்டுசெல்லும் ஆஷா ஊழியரின் பட்டியலில் திருநங்கையின் வீடு இல்லை.

எனவே கோரிக்கைகள் துல்லியமாக எழுப்பப்படவேண்டும். மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் வாரம் ஒரு நாள் ஹார்மோன் சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவு. எஸ்ட்ராடையாலும் உரிய துணை மருந்துகளும் இலவச மருந்துப் பட்டியலில். சான்றிதழ் கேட்காமல் சிகிச்சை. மகளிர் கூட்டுறவுத் தையல் அலகுகளில் பெரிய எண், சிறிய கப் கொண்ட பருத்தி உள்ளாடைத் தயாரிப்பு. கடைசிக் கோரிக்கையை மாநாட்டுத் தீர்மானத்தில் எழுதினால் அரங்கில் ஒரு சிரிப்பலை எழக்கூடும். அந்தச் சிரிப்பும் கிளைக் கூட்டத்தில் விவாதிக்கப்படவேண்டிய ஒன்றுதான். ஆலைகளில் பெண் தொழிலாளருக்குக் கழிப்பறை கேட்டபோதும் இதே சிரிப்பு எழுந்தது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாவட்ட மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் எஸ்ட்ராடையால் மாத்திரை இருப்பில் உள்ளதா, கடந்த ஓராண்டில் எத்தனை பேருக்கு வழங்கப்பட்டது, அதை எழுதித்தரப் பயிற்சி பெற்ற மருத்துவர் எத்தனை பேர் என்ற மூன்று கேள்விகளைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய்.