வாவிக்கரை வீடு

விடுமுறை முடிந்து மாணவர் வகுப்புக்குத் திரும்பியதும் "விடுமுறையை யான் கழித்த விதம்" என்னும் பொருளிலே கட்டுரை எழுதச் சொல்வது ஆசிரியர் வழக்கம். இருபது ஆண்டுகளாக நாமும் அதையே செய்து வருகிறோம். இம்முறை அக்கட்டுரையை நாமே எழுத நேர்ந்துவிட்டது. பிழை திருத்துவோர் எம் வீட்டிலேயே இருவர் உளர்: பதின்மூன்று வயது மகளும் ஒன்பது வயது மகனும்.

சென்ற ஆகஸ்ட் விடுமுறையிலே, மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், மண்டூருக்கு அண்மையிலுள்ள எம் மனைவியாரின் தாய்வீட்டுக்குக் குடும்பத்தோடு சென்றோம். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் மேற்கொண்ட பயணம் அது. அதன் நோக்கத்தை மறைப்பதிற் பயனில்லை. கொழும்பிலே வாடகை வீட்டில் வாழ்ந்து அலுத்துவிட்டோம். வாவிக்கரை வீட்டை விற்று, அப்பணத்தோடு கடனும் பெற்று, இங்கே சிறியதொரு வீடு வாங்கலாமென எண்ணினோம். தனியே வாழும் மாமியாரையும் எம்மோடு அழைத்து வந்துவிடலாம். வாங்குவதற்கு ஆளும் கிடைத்திருந்தார். பிள்ளைகளிடம் மட்டும் இதனைச் சொல்லவில்லை.

இரவுப் புகையிரதத்தில் மட்டக்களப்பை அடைந்து, அங்கிருந்து பஸ்வண்டியிலே தெற்கு நோக்கிச் சென்று, குருமண்வெளித் துறையில் இறங்கினோம். "இனிப் பாதையிலே போகவேண்டும்" என்றோம். மகன் நாற்புறமும் பார்த்துவிட்டு, "பாதை எங்கே? தண்ணீர்தானே இருக்கிறது!" என்றான். ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு அக்கரை செல்லும் மிதவையையே அப்பகுதி மக்கள் பாதை என்பர் என விளக்கினோம். அக்கரை சேரும்வரை "பாதை நகர்கிறது, பாதை நகர்கிறது" என்று அவன் கூவிக்கொண்டேயிருந்தான்.

மறுநாள் விடியற்காலையில் வாவிக்கு அப்பாலிருந்து சூரியன் எழுந்தபோது, இரு கரைகளின் பெயர்ப்பொருளும் மகளுக்குத் தானாகவே விளங்கிற்று. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமான வாவி இவ்விரண்டுக்கும் நடுவே கிடக்கிறது.

அது கச்சான் காற்றுக் காலம். மேற்கிலிருந்து வெப்பத்தோடு வீசும் அக்காற்றிலே வாவி வற்றி, கரையிலுள்ள கண்ணா மரங்களின் வேர்கள் வெளியே தெரிந்தன. "கடல் இவ்வளவு பக்கத்தில் இருக்க, வாவி ஏன் வற்றுகிறது?" என்று மகன் கேட்டான். கோடையில் அலைகள் மணலைக் கொணர்ந்து முகத்துவாரத்தை அடைத்துவிடும். மாரியிலே வெள்ளம் வாவியில் நிறைந்து வயல்களை மூடும்போது அம்மணல் மேட்டை வெட்டிவிடுவர். நீர் கடலுக்குட் பாயும். பூமிசாத்திரப் பாடத்திலே எமக்கு நாற்பது நிமிடம் பிடிக்கும் இச்செய்தியை, மாமியார் ஈர மணலில் விரலாற் கீறிப் பத்து நிமிடத்தில் விளக்கிவிட்டார்.

வீடு பெரிதன்று. மாமியாரின் தாயார் கட்டுவித்த கல்வீடு. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி அடித்த சூறாவளி கூரையைக் கொண்டுபோயிற்று. வளவிலே ஒரு தென்னைகூட மிஞ்சவில்லை. 2007இல் போர் படுவான்கரைக்கு வந்தபோது, கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு எழுவான்கரைக்கு ஓடினர். சில மாதங்களின்பின் திரும்பி வந்தபோது சுவர்கள் நின்றன, கதவுகள் நிற்கவில்லை. இரு முறையும் வீட்டை மீண்டும் வீடாக்கியவர்கள் பெண்களே.

மட்டக்களப்பு வழக்கிலே வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகச் செல்லும். மணமகன் மனைவியின் வீட்டிலே குடிபுகுவான். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேர்த்திக்கு என்று வீடு இறங்கி வரும். இவ்வீட்டு உறுதியிலும் இப்போது எம் மனைவியாரின் பெயரே இருக்கிறது. மருமகனாகிய நாம் அங்கே விருந்தாளி. விற்பதைப் பற்றி அதிகம் பேசியவரும் அந்த விருந்தாளியே!

மூன்றாம் நாள் மாலை மாமியார் கிணற்றடியிலே மீன் அரிந்துகொண்டிருந்தார். மகள் அருகிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "இஞ்ச பாருகா மகள், இந்த வளவும் வீடும் எனக்கு என்ட அம்மா தந்தது. நான் உன்ட அம்மாக்குக் குடுத்தன். உன்ட அம்மா உனக்குத் தருவா" என்று அவர் கூறியது எம் காதில் விழுந்தது. விலை பேசிய செய்தி அவருக்குத் தெரியும். தொலைபேசியிலே நாம் அதைச் சொன்னபோது, "உங்கட விருப்பம் மருமகன்" என்று மட்டுமே கூறியிருந்தார். இப்போதும் எம்மைத் திரும்பிப் பாராமலே செதில் சீவிக்கொண்டிருந்தார்.

அன்றிரவு, மறுநாள் நொத்தாரிசிடம் செல்வது பற்றி மனைவியாரோடு திண்ணையிலே பேசிக்கொண்டிருந்தோம். பிள்ளைகள் உறங்கிவிட்டார்கள் என எண்ணியது எம் பிழை. வாசற்படியில் மகள் நின்றாள்.

"அப்பா, இது எனக்கு வரவேண்டிய வீடென்றால், என்னைக் கேளாமல் எப்படி விற்பீர்கள்?"

சட்டப்படி விடை கூறுவது எளிது: உறுதியில் அவள் பெயர் இல்லை. ஆயினும் சரியான விடை எல்லாம் போதிய விடை ஆகா என்பதை ஆசிரியத் தொழில் எமக்குக் கற்பித்திருக்கிறது. நாம் தயங்கி நிற்க, "கேட்டிருக்கத்தான் வேண்டும்" என்றார் மனைவியார்.

நொத்தாரிசிடம் நாங்கள் போகவில்லை. எல்லாம் இனிதே முடிந்ததென வாசகர் எண்ணவேண்டாம். வாடகை மாதந்தோறும் கொடுத்தாக வேண்டும். மாமியாருக்கு வயது எழுபத்தாறு. கூரையிலே பல ஓடுகள் மாற்றவேண்டியிருக்கின்றன. முடிவை ஓராண்டு தள்ளி வைத்திருக்கிறோம், அவ்வளவே. மார்கழி விடுமுறையில், வாவி நிறைந்து நிற்கும்போது, மீண்டும் சென்று ஐவரும் கூடியிருந்து பேசுவதாக உடன்பாடு. மகள் அறைகளின் நீள அகலங்களை அளந்து, அப்பியாசக் கொப்பியிலே வீட்டின் படத்தை வரைந்து கொண்டு வந்திருக்கிறாள். அதில் எம் மேசைக்கும் ஓரிடம் ஒதுக்கியிருக்கிறாள்.

ஊர்வீட்டை வைத்திருப்பதா, விற்பதா என்பது அவரவர் நிலைமையைப் பொறுத்தது. விற்பவரைக் குறைகூற நாம் யார்? பெற்றோருக்கு ஒன்று மாத்திரம் கூறுவோம். உறுதி எழுதுமுன் பிள்ளைகளை ஒருமுறை அங்கே அழைத்துச் செல்லுங்கள். அவர்களையும் கேளுங்கள். விற்றுவிட்டாலும், எதை விற்றோம் என்பதையாவது அவர்கள் அறிந்திருப்பார்கள்.