குறை கையிலா, கருவியிலா, காற்றிலா?

‘‘அய்யா, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் எங்கள் மூத்த மகன், விடுமுறையில் திராட்சை அறுவடைக்குப் போய்ச் சேர்த்த கூலியில் கையகல ட்ரோன் ஒன்று வாங்கினான். ‘தென்னங்குருத்துல வண்டு விழுந்திருக்கான்னு மரம் ஏறாமலே பார்க்கலாம்மா’ என்றான். ஆனால், மேலே ஏற்றினால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. ஒரு பக்கமாகவே ஒதுங்கிப் போகிறது. போன வாரம் பக்கத்துத் தோட்டத்துத் திராட்சைப் பந்தலில் விழுந்து, பேச்சு வாங்கும்படி ஆகிவிட்டது. ‘உனக்கு ஓட்டத் தெரியலை, காசைக் கரியாக்கிட்ட’ என்று அவன் அப்பா அதைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார். பையன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. குறை அவன் கையிலா, கருவியிலா?’’

– ஒரு வாசகி, உத்தமபாளையம் அருகில்

அம்மா, நீங்கள் இரண்டு பேர் மீது சந்தேகப்படுகிறீர்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவர்தான் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நூறு கிராம்கூட இல்லாத ட்ரோன் எந்த மூலைக்கு? தமிழ்நாட்டில் காற்றாலைகளுக்குப் பேர்போன கணவாய்கள் நான்கு: பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி, அப்புறம் நம் கம்பம். ஆண்டிபட்டிப் பக்கம் வரிசையாகக் காற்றாலைகள் நிற்பதும் இதனால்தான். தென்மேற்குப் பருவக்காற்று மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு வருவதால், ஆனி முதல் ஆவணி வரை நம் பள்ளத்தாக்கில் பகல் காற்றுக்குக் குறைவே இருக்காது.

விலை குறைந்த ட்ரோன்கள் தங்களை மட்டமாக மட்டும்தான் வைத்துக்கொள்ளும். இருக்கும் இடத்தைப் பிடித்து நிறுத்த ஜி.பி.எஸ். வேண்டும், இல்லையென்றால் தரையைப் பார்க்கும் கேமரா அடிப்பக்கத்தில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத ட்ரோன், ஓடையில் விட்ட காகிதக் கப்பல் மாதிரி காற்றோடு போகத்தான் செய்யும். அது பழுது அல்ல.

அதற்காகப் பழுதே இருக்காது என்றும் சொல்ல முடியாது. உங்கள் மகனிடம் போனில் பேசி, ஒரு சோதனை செய்யச் சொன்னேன். இதை யாரும் செய்து பார்க்கலாம்.

அரைச்சுற்றுச் சோதனை

காற்று அடங்கிய விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத களத்தில் ட்ரோனை வையுங்கள். அதன் முகம் மேற்குப் பக்கம் இருக்கட்டும். நெஞ்சு உயரத்துக்கு ஏற்றிவிட்டு, திசைக் குச்சியிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பாருங்கள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இறக்கி, முகத்தைக் கிழக்கே திருப்பி வைத்து மறுபடியும் ஏற்றுங்கள்.

இரண்டாவது முறையும் கொட்டகைப் பக்கமே போனால், அது காற்றின் வேலை. இந்த முறை எதிர்ப்பக்கம் போனால், கருவி ஒரு பக்கம் சாய்கிறது என்று அர்த்தம். இரண்டு முறையும் ஏறக்குறைய நின்று, ஓட்டும்போது மட்டும் விலகினால் கையைப் பார்க்க வேண்டும். உயரம் ஏற்றும் குச்சியைத் தள்ளும்போது கட்டைவிரல் பக்கவாட்டில் இழுப்பதும், ட்ரோன் நம்மைப் பார்த்து வரும்போது இடது வலது மாறிப்போவதும் புதியவர்கள் எல்லோருக்கும் நடப்பவை. முகம் எப்போதும் நமக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி சில நாள் பழகினால் தீர்ந்துவிடும்.

உங்கள் மகன் செய்து பார்த்ததில், ட்ரோனைத் திருப்பத் திருப்ப அது ஒதுங்கும் பக்கமும் திரும்பியிருக்கிறது. ஆக, குறை கருவியில். இனி அதை எங்கே என்று தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். நான்கைச் சேர்த்து மாற்றினால் எது சரியாயிற்று என்று தெரியாது.

முதலில் இறக்கைகள். பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் இறக்கையில் கை வைக்க வேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நகக்கீறல் அளவு விரிசலோ, நுனி வளைவோ இருந்தாலும் அதிர்வு வரும். அந்த அதிர்வு உள்ளே இருக்கும் சென்சாரைக் குழப்பிவிடும். வளைந்ததை நெருப்பில் காட்டி நிமிர்த்த வேண்டாம், மாற்றிவிடுங்கள். நான்கு இறக்கைகளும் ஒன்றுபோல இருந்தாலும், இரண்டு வலமும் இரண்டு இடமும் சுற்றுபவை. மூலைக்கு மூலை எதிரே இருப்பவைதான் ஒரே ஜோடி. இடம் மாற்றி மாட்டினால் தரையை விட்டு எழும்போதே குப்புறக் கவிழும்.

அடுத்து மோட்டார். இறக்கையை விரலால் மெல்லச் சுண்டிவிடுங்கள். நான்கும் ஒரே மாதிரி சுற்றி நிற்க வேண்டும். ஒன்று மட்டும் கரகரவென்றோ, சட்டென்றோ நின்றால் அதன் தண்டில் ஏதாவது சுற்றியிருக்கும். தலைமுடி, வாழை நார், சாக்கு நூல் எல்லாம் நம் வீடுகளில் சாதாரணம். ஊசி முனையால் எடுத்துவிடலாம். பறந்து இறங்கியதும் தொட்டுப் பாருங்கள். ஒரு மோட்டார் மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அது திணறுகிறது.

இறக்கையா மோட்டாரா என்று சந்தேகம் வந்தால், எதிர்மூலை இறக்கையோடு இடம் மாற்றி மாட்டுங்கள். குறை இறக்கையோடு சேர்ந்து இடம் மாறினால் இறக்கை கெட்டிருக்கிறது. பழைய மூலையிலேயே இருந்தால் மோட்டாரைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, எடை. பேட்டரி ஒரு பக்கம் தள்ளி உட்கார்ந்தாலும், கேமராவைப் பசை ஒட்டிக் கூடுதலாக மாட்டினாலும் அந்தப் பக்கம் சாயும். நடுவில் இரண்டு விரல் கொடுத்துத் தூக்கிப் பார்த்தால் தராசுத் தட்டு போல மட்டமாக நிற்க வேண்டும்.

நான்காவது, மட்டம் சொல்லிக் கொடுப்பது. கையேட்டில் இதைக் ‘கேலிபிரேஷன்’ என்று போட்டிருப்பார்கள். அதைச் செய்யும்போது ட்ரோன் எப்படி உட்கார்ந்திருக்கிறதோ, அதுதான் மட்டம் என்று அது நினைத்துக்கொள்ளும். வரப்பிலோ சாய்ந்த கல்லிலோ வைத்துச் செய்தால் அந்தச் சாய்வையே மட்டம் என்று பிடித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் போகும். கொத்தனாரின் ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, சமமான தரையில் செய்யுங்கள். இதற்குப் பிறகும் கொஞ்சம் விலகினால் ரிமோட்டில் இருக்கும் ‘ட்ரிம்’ பொத்தானைப் பயன்படுத்தலாம். வேறு குறையை மறைக்க முதலிலேயே ‘ட்ரிம்’ வைப்பது, சாய்ந்த சக்கரத்துக்கு ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பி ஓட்டுவது போல.

உங்கள் வீட்டில் கண்டது இதுதான்: பின்பக்க மோட்டார் ஒன்றில் சாக்கு நூல் இழை சுற்றியிருந்தது. அதோடு, பையன் மொட்டை மாடியில் வைத்து மட்டம் சொல்லிக் கொடுத்திருக்கிறான். மழைத்தண்ணீர் ஓட வேண்டும் என்று மாடித் தளத்தைச் சாய்வாகத்தானே போடுவார்கள்! நூலை எடுத்து, கூடத்துத் தரையில் திரும்பச் செய்த பிறகு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பறக்கவிட்டால் கூடத்துக்கு நடுவில் நிற்கிறதாம். சாயங்காலம் நான்கு மணிக்குத் தோட்டத்தில் ஏற்றினால் மட்டும் இன்னும் ஒதுங்குகிறது. அது காற்று. அதற்கு மருந்து கிடையாது. வாழை இலை படபடக்கும் நேரத்தில் ஏற்றாமல் இருப்பதுதான் வழி.

கொஞ்சம் விலை கூடிய ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கும் இரண்டு வார்த்தை. அடிப்பக்கக் கேமராவை நம்பி நிற்கும் வகை, தண்ணீர் தேங்கிய நாற்றங்காலுக்கும் அலையடிக்கும் நெல்வயலுக்கும் மேலே தடுமாறும். கீழே அசைவதைத் தரை என்று நம்பி அதன் பின்னால் போகும். பொழுது சாய்ந்தால் அதற்குக் கண் தெரியாது. ஜி.பி.எஸ். உள்ளது, நிற்கும் இடத்திலேயே செக்கு மாடு போல வட்டமடித்தால் அதன் திசைகாட்டி குழம்பியிருக்கிறது. பந்தல் கம்பி, டிராக்டர், பம்புசெட், கம்பி போட்ட கான்கிரீட் தளம் இவற்றிலிருந்து தள்ளி வைத்துத் திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும்.

பந்தலுக்கு அடியிலும் மின்கம்பி ஓரத்திலும் பறக்கவிட வேண்டாம். சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும்போது இறக்கையைச் சுற்றிப் பாதுகாப்பு வளையம் மாட்டாமல் இயக்கக் கூடாது. அணைப் பக்கமும், மேகமலை போன்ற காப்புக்காட்டுப் பக்கமும் கொண்டுபோகவே கூடாது.

கடைசியாக, பையனின் அப்பாவுக்கு. 2021-ம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 250 கிராம் வரை எடையுள்ள ட்ரோனை ஓட்டப் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மருந்து தெளிக்கும் பெரிய ட்ரோனுக்குச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க 18 வயது நிரம்பி, பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும். மத்திய விமானப் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த மையத்தில் பயிற்சி முடிக்க வேண்டும். உங்கள் மகனுக்கு அந்த வயது வர அதிக காலம் இல்லை. காற்றைப் பார்த்து ஏற்றுவது, குறையைப் பொறுமையாகத் தேடுவது ஆகிய இரண்டும் அங்கேயும் வேண்டும். காற்றில் தெளித்த மருந்து பக்கத்துத் தோட்டத்துக்கும் தேனீப் பெட்டிக்கும் போய்விடும் என்பது உங்களுக்குத் தெரியாததா? பரணிலிருந்து இறக்கிக் கொடுங்கள். பந்தல்காரரிடம் பையனையே கூட்டிப்போய் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள்.

‘‘என் ட்ரோன் முதல் மூன்று நிமிடம் நன்றாகப் பறக்கிறது. பிறகு ஆட ஆரம்பித்து இறங்கிவிடுகிறது. பேட்டரி லேசாக உப்பியிருக்கிறது. பயன்படுத்தலாமா?’’

– ஒரு வாசகர், சின்னமனூர்

கூடாது. ஆடுவதற்கும் அதுதான் காரணம். சின்ன ட்ரோன்களில் பெரும்பாலும் இருப்பது 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி. நிறைய சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட் காட்டும். பழசாகிவிட்டால், மோட்டார் கேட்கும் மின்சாரத்தை ஒரே சீராகக் கொடுக்க முடியாது. நான்கு மோட்டாரும் திணறும்போது ட்ரோன் தள்ளாடும்.

உப்பிய பேட்டரியை அமுக்கவோ, குத்தவோ, சார்ஜ் போடவோ, குப்பையோடு கொளுத்தவோ கூடாது, தீப்பிடிக்கும். மணல் போட்ட தகர டப்பாவில், வீட்டுக்கு வெளியே வைத்து, மின்னணுக் கழிவு வாங்குபவர்களிடம் சேர்த்துவிடுங்கள். புதுப் பேட்டரியை, பறந்து இறங்கிய சூடு ஆறிய பிறகுதான் சார்ஜ் போட வேண்டும். மெத்தை மேலும், வைக்கோல் பக்கத்திலும் வேண்டாம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கவும் வேண்டாம். பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வையுங்கள், ஆயுள் கூடும்.