கிளீட்டாம் கிளீட்டு, புடலங்காய்!

ரொம்ப நாளாக உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்த விஷயம். இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். சண்டைக்கு வருகிறவர்கள் கடைசி வரை படித்துவிட்டு வரவும் :-)

இங்கே மெல்பர்னில் நம்மாட்களுக்கு நாற்பது தாண்டியதும் நடப்பது ஒரே கதைதான். சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று டாக்டர் சொல்வார். அடுத்த வாரமே அண்ணாத்தே ரோட் பைக் வாங்கிவிடுவார். நல்ல காரியம், கைதட்டலாம். ஆனால் கொஞ்சம் விலை கூடின பைக் என்றால் பெரும்பாலும் பெடல் இல்லாமலேதான் விற்பார்கள். "எந்த பெடல் வேண்டும்?" என்று கடைக்காரர் கேட்பார். நம்மாள் திருதிரு என்று முழிப்பார். அவ்வளவுதான், கிளிப்லெஸ் பெடலும், அடியில் மூன்று போல்ட் போட்ட கிளீட்டும், பலகை மாதிரி விறைப்பான ஷூவும் தலையில் கட்டப்படும்.

பிறகு? முதல் சிக்னலில் காலைத் திருப்பிக் கழற்ற மறந்து, காற்றில் சாய்ந்த வாழைமரம் மாதிரி நின்ற இடத்திலேயே பொத்தென்று விழுவார். அடி சின்னதுதான், அவமானம்தான் பெரிசு. மூன்றாவது வாரம் பைக் கராஜுக்குள் போகும். ஆறு மாசத்தில் அதன்மேல் துணி காயும். சர்க்கரை மட்டும் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டிருக்கும்.

இந்த வியாதி ஊருக்கும் பரவிவிட்டது. எங்கள் ஊர் மார்டள்ளி. மாதேஸ்வரன் மலைப் பக்கம், கர்நாடகத்துக்குள் இருக்கிற தமிழ் ஊர். அப்போதெல்லாம் மைசூர் மாவட்டம். 1997-ல் சாமராஜநகரைத் தனியாகப் பிரித்தபோது அந்தப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கு வாயில் இன்னும் மைசூர்தான் வரும். அந்த மைசூரில் வேலை பார்க்கிற அக்கா பையன் போன மாசம் போன் பண்ணினான். "மாமா, வர்றப்ப கிளீட் ஷூ வாங்கிட்டு வாங்க. சாதா பெடல்ல சாமுண்டி மலை ஏறுனா பாதி சக்தி வீணாப் போயிருமாம்."

பாதி சக்தியாம்! ரப்பர் கட்டை பெடல், ஹவாய் செருப்பு, இரண்டு பக்கமும் பால்கேன் என்று மேடு ஏறினவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர்க்காரனிடம் இதைச் சொல்கிறான். சரி, "அந்தக் காலத்துல நாங்கல்லாம்" என்று ஆரம்பித்தால் யாரும் மதிக்க மாட்டார்கள். கணக்கோடே பேசுவோம்.

முதலில் பெயரையே பாருங்கள். 'கிளிப்லெஸ்' என்றால் கிளிப் இல்லாதது. ஆனால் 'டிக்' என்று மாட்டிக்கொள்வது அதுதான்! காரணம் இருக்கிறது. முன்பு பந்தயக்காரர்கள் பெடலில் ஒரு கூண்டு வைத்து, அதற்குள் காலை நுழைத்து, தோல் வாரால் இறுக்கிக் கட்டினார்கள். அந்தக் கூண்டுக்குத்தான் கிளிப் என்று பெயர். நிற்கவேண்டுமென்றால் குனிந்து கையால் வாரைத் தளர்த்தவேண்டும். 1984-ல் லுக் என்கிற பிரெஞ்சுக் கம்பெனி, தான் பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸை மாட்டச் செய்துகொண்டிருந்த பூட்டையே பெடலுக்குக் கொண்டுவந்தது. குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். 1985-ல் பெர்னார் ஹினோ அதை மாட்டிக்கொண்டுதான் தன் ஐந்தாவது டூர் டி பிரான்ஸை ஜெயித்தார். உலகமே மாறியது.

கவனியுங்கள். கிளிப்லெஸ் பெடல் தீர்த்துவைத்தது தோல் வாரின் தொல்லையை. நம்மாட்களுக்கு அந்த வாரே கிடையாது! இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கித் தின்கிறோம்.

"மேலே இழுக்கும்போதும் சக்தி கிடைக்குமே" என்பார்கள். இந்த ஒரு வசனத்தை வைத்தே எத்தனை ஷூ விற்றிருப்பார்களோ! ஆராய்ச்சிக்காரர்கள் இதைச் சும்மா விடவில்லை. காலை மேலே இழுத்து மிதித்தால் அதே வேகத்துக்கு உடம்பு அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறது என்று 2007-ல் கோர்ஃப் குழு காட்டியது. 2016-ல் கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஸ்ட்ரா, கிராம் இருவரும் ரன்னிங் ஷூ போட்டு சாதா பெடலை மிதிப்பதையும், கிளீட் ஷூ மாட்டி மிதிப்பதையும் ஒப்பிட்டார்கள். சீரான வேகத்தில், உடம்பு செலவழிக்கும் சக்தியில் சொல்லிக்கொள்கிற வித்தியாசமே இல்லை. பாதி சக்தி எங்கே போயிற்று? சாமுண்டி மலையில் மூச்சு வாங்கினால் அதற்குக் காரணம் மலை, அப்புறம் தொப்பை. பெடல் என்ன பாவம் செய்தது!

நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். சீட்டை விட்டு எழுந்து முழு மூச்சாக விரட்டும்போது கிளீட் கைகொடுக்கும். மேடுபள்ளத்தில் கால் நழுவாது. நாள் முழுக்க ஒரே நிலையில் மிதிக்கிறவர்களுக்குக் கால் அலையாமல் நிற்கும். பந்தயத்துக்குப் போகிறீர்களா, 200 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்களா, தாராளமாக மாட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை பீச் ரோட்டில் முப்பது கிலோமீட்டர் போய் காபி குடித்துவிட்டு வருகிறவருக்கு எதற்கு?

வாங்கியே தீருவேன் என்கிறவர்களுக்கு நாலு வார்த்தை.

1. மூன்று போல்ட் வகை வேண்டாம். அந்த பிளாஸ்டிக் கிளீட் ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். இந்தியக் கடையில் வெங்காயம் வாங்க இறங்கினால் டக் டக் என்று வாத்து நடைதான். டைல்ஸ் தரையில் வழுக்கும். நடக்க நடக்கத் தேயும், தேய்ந்தால் மறுபடி காசு. ஷிமானோ 1990-ல் மலை சைக்கிளுக்காகக் கொண்டுவந்த எஸ்பிடி வகைக்கு இரண்டே போல்ட். சின்ன இரும்பு கிளீட், ஷூவின் அடியில் உள்ளடங்கி இருக்கும், மனுஷன் மாதிரி நடக்கலாம். ரோட் பைக்கில் போடக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

2. எஸ்பிடியிலும் எஸ்எச்56 என்கிற கிளீட்டைக் கேளுங்கள். சாதாரண எஸ்எச்51 குதிகாலைப் பக்கவாட்டில் திருப்பினால்தான் விடும். இது பல திசையில் விடும். பெடலில் இருக்கும் இறுக்கத் திருகை முழுக்கத் தளர்த்தி வைத்து, புல்தரையில் ஐம்பது தடவை கழற்றிப் பழகிவிட்டுத் தெருவுக்கு வாருங்கள்.

3. மூன்று போல்ட்தான் என்று அடம்பிடித்தால் நிறத்தைப் பாருங்கள். ஷிமானோவில் மஞ்சள் என்றால் பாதம் 6 டிகிரி அசையும், நீலம் 2 டிகிரி, சிவப்பு அசையவே அசையாது. லுக் கியோவில் சிவப்பு 9 டிகிரி, சாம்பல் 4.5, கறுப்பு பூஜ்யம். ஒரு கம்பெனியின் சிவப்பும் இன்னொரு கம்பெனியின் சிவப்பும் நேர் எதிர்! அசையாததைக் கோணலாக மாட்டி ஓட்டினால் முட்டி வலி இலவசம்.

மற்ற எல்லோருக்கும் அகலமான, சின்ன ஆணி முனைகள் வைத்த சாதா பெடல் போதும். மழையிலும் ஷூ நழுவாது. சிக்னலில் கால் தானாகத் தரைக்கு வரும்.

அக்கா பையனுக்கு ஷூ கிடையாது என்று சொல்லிவிட்டேன். இங்கே நான் விழுந்தால் பின்னால் வருகிற கார் பெரும்பாலும் நிற்கும். அங்கே அவன் கால் மாட்டிக்கொண்டு சாய்ந்தால் பக்கத்தில் பஸ் இருக்கும். விக்டோரியாவில் 1990-லிருந்து சைக்கிளுக்கும் ஹெல்மெட் கட்டாயம். ஊரில் சைக்கிள்காரனை யாரும் கேட்பதில்லை. அதனால் பெட்டியில் ஹெல்மெட்டும், முன்னும் பின்னும் எரிகிற இரண்டு விளக்கும் போகின்றன. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான், பரவாயில்லை. வெளிநாட்டில் இருக்கிற மாமா, சித்தப்பா எல்லோருக்கும் சொல்கிறேன்: பிள்ளைகள் கேட்பதெல்லாம் வாங்கிப் போவது பாசம்தான், ஆனால் எந்த ரோட்டில் ஓட்டப்போகிறான் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

உங்கள் கராஜில் அப்படி ஒரு பைக் தூங்கினால் இந்த ஞாயிறே எழுப்புங்கள். பெடலுக்குத் தகுந்த மாதிரி 15 மில்லிமீட்டர் ஸ்பானரோ 8 மில்லிமீட்டர் ஆலன் கீயோ போதும். இடது பெடலின் மரை உல்டா என்பதை மறக்காதீர்கள். சாவியை மேல்நோக்கி மாட்டி, இரண்டு பக்கமும் பின்சக்கரத்தை நோக்கித் திருப்பினால் கழன்றுவிடும். சாதா பெடலை மாட்டுங்கள், வீட்டில் கிடக்கிற பழைய கேன்வாஸ் ஷூவைப் போடுங்கள், கிளம்புங்கள். வீட்டம்மாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள், அவருக்கும் அதே டாக்டர்தானே!