தள்ளிப்போடும் திருத்த வேலை

2024 டிசம்பர் விடுமுறையில் குடும்பத்தோடு நுவரெலியா சென்று, ஒரு ஹோட்டலில் இரண்டு இரவுகளுக்கு அறை எடுத்தோம். பெயரை எழுதப் போவதில்லை. ஒரு காலத்தில் ஆட்கள் முண்டியடித்துக் கொண்டு அறை கேட்ட இடம் அது.

கதவைத் திறந்ததுமே பூஞ்சண நாற்றம். சுவரில் ஈரம் ஏறி பெயின்ட் உரிந்து கிடந்தது. கம்பளத்தில் கால் வைக்க மனம் வரவில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,800 மீற்றருக்கு மேலே உள்ள ஊர். டிசம்பர் இரவுக்கு ஒரு போர்வை போதுமா? இன்னொன்றைக் கேட்டு வாங்க ஒரு மணித்தியாலம் சென்றது. சுடுநீர்க் குழாயில் பச்சைத் தண்ணீர்தான் வந்தது.

"தம்பி, ஹீட்டர் வேலை செய்யவில்லையே" என்றேன்.

"மூன்று மாதமாக அப்படித்தான் சேர். முதலாளிக்குச் சொல்லியிருக்கிறோம்" என்றார் வேலை செய்யும் பையன். அவர் மீது எனக்குக் கோபமில்லை. வாளியில் சுடுநீர் சுமந்து வந்து தந்தது அவர்தான். ஆனால் பில்லில் 10 வீத சேவைக் கட்டணமும் 18 வீத வற் வரியும் சதம் குறையாமல் இருந்தன.

முதலாளி பக்கமும் நியாயம் உண்டு. 2018 இல் 23 இலட்சம் உல்லாசப் பயணிகள் வந்த நாடு இது. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020 இல் கொரோனா, 2022 இல் பொருளாதார நெருக்கடி என்று அடிமேல் அடி. 2021 இல் வந்தவர்கள் 2 இலட்சம் பேர்கூட இல்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த வட்டிக்குக் கடன் எடுத்து கட்டடம் திருத்த யாருக்குத் துணிவு வரும்?

ஆனால் 2024 இல் வருகை மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. வாடகையையும் உயர்த்திவிட்டார்கள். திருத்த வேலை மட்டும் நெருக்கடிக் காலத்திலேயே நிற்கிறது. ஒரு ஹீட்டரின் விலை அந்த அறையின் சில நாள் வாடகைதான். மூன்று மாதம் அது பழுதாகவே கிடந்ததற்குக் காசில்லாதது காரணமல்ல. முதலாளி அந்த அறையில் ஓர் இரவு தங்கிப் பார்த்திருக்க மாட்டார், அவ்வளவுதான்.

நம் கடைகளிலும் இதுதானே நடக்கிறது? 'பெருநாள் வியாபாரம் முடியட்டும்' என்போம், அடுத்த பெருநாளும் வந்துவிடும். ஊர் திரும்பிய மறுநாள் என் களஞ்சிய அறைக்குள் போய்ப் பார்த்தேன். கூரை ஒழுகும் இடத்தின் கீழே வைத்த வாளி இரண்டு வருடமாக அங்கேயே இருக்கிறது. பாஸ் ஒருவரை அழைத்துக் கூலி பேசினேன்.