வலம் யாருடையது?



வளைகுடா நாடுகளுக்குப் பணியாற்றச் செல்வோருக்கு எடுக்கப்படும் மார்பு எக்ஸ்ரே படம் நம்மவர் இல்லங்கள் பலவற்றில் பீரோவுக்குள் உறங்கிக் கொண்டிருக்கும். அதனை எடுத்து, ‘ஆர்’ என்னும் எழுத்து தங்களின் இடக்கைப் பக்கம் வருமாறு வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இதயத்தின் நிழல் தங்களின் வலப்புறம் சாய்ந்து தெரியும். இதயம் பக்கம் மாறிவிட்டதோ என அஞ்ச வேண்டாம். படத்திலுள்ளவர் தங்களை நோக்கி நிற்கின்றார்; அவருடைய இடப்பக்கம் தங்களுக்கு வலப்பக்கம். அவ்வளவே. (இதயம் முழுவதும் இடப்புறத்தில் இருப்பதாக எண்ணுவதும் சரியன்று. அது நெஞ்செலும்பின் பின்னே அமைந்து, அதன் பெரும்பகுதி இடப்புறம் சாய்ந்துள்ளது.)

மருத்துவத்தில் வலம், இடம் என்பவை எப்போதும் நோயாளியுடையவை; பார்ப்பவருடையவை அல்ல. நாம் எப்பக்கம் திரும்பி நிற்கின்றோம் என்பது கிப்லாவை நிர்ணயிப்பதில்லை, கஅபாவே நிர்ணயிக்கின்றது. அதுபோன்றே இதுவும். உடல் நிமிர்ந்து நிற்பதாகவும், முகமும் உள்ளங்கைகளும் முன்னோக்கி இருப்பதாகவும் கொண்டே உறுப்புகளின் திசையைச் சொல்வர். நோயாளி படுத்திருப்பினும் ‘மேல்’ என்பது தலைப்பக்கமே, கூரைப்பக்கமன்று. உள்ளங்கைக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? கையைத் திருப்பினால் பெருவிரலின் பக்கம் மாறிவிடுமல்லவா! உள்ளங்கை முன்னோக்கினால் பெருவிரல் வெளிப்பக்கம் என்பது நிலைத்துவிடும்.

அறிக்கைகளில் காணும் சில சொற்களை அறிந்து வைப்பது நன்று. ஆன்டீரியர் முன்புறம்; போஸ்டீரியர் பின்புறம். மீடியல் என்பது உடலின் நடுக்கோட்டை நெருங்கிய பக்கம். லேட்டரல் அதனின்று விலகிய பக்கம். கை கால்களில் உடலை ஒட்டிய முனை பிராக்ஸிமல். தொலைவான முனை டிஸ்டல். ‘டிஸ்டல் ரேடியஸ்’ முறிவு என்றால் மணிக்கட்டை அடுத்து எலும்பு முறிந்துள்ளது என்று பொருள். மார்புப் படத்தில் ‘பி.ஏ.’ என்றிருந்தால் கதிர் முதுகின் வழியே புகுந்து முன்புறம் வெளிவந்தது எனக் கொள்க. இதயம் படத்தை நெருங்கியிருப்பதால் அதன் நிழல் அவ்வளவாகப் பெருத்துத் தெரியாது.

இவை மருத்துவர்களின் கவலை, நமக்கென்ன என்று கருதிவிடாதீர்கள். கண்புரை, குடலிறக்கம், சிறுநீரகக் கல், மூட்டு ஆகிய அனைத்திலும் பக்கம் உண்டு. நோயுற்ற பக்கத்தை விட்டு நலமான பக்கத்தில் அறுவை செய்துவிட்ட கொடுமை, வசதி மிகுந்த நாடுகளிலும் நிகழ்ந்துள்ளது. அதனாற்றான் உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட அறுவைப் பாதுகாப்புப் பட்டியல், மயக்க மருந்து தருவதற்கு முன்பே நோயாளியின் பெயரையும் சிகிச்சையையும் பக்கத்தையும் அவரிடமே கேட்டு உறுதி செய்யுமாறும், உரிய இடத்தில் குறியிடப்பட்டுள்ளதா எனப் பார்க்குமாறும் கூறுகின்றது.

ஆகவே தங்கள் வாப்பாவையோ உம்மாவையோ அறுவைக்கு அழைத்துச் செல்லும்போது, “இந்தப் பக்கம்” எனக் கைகாட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். “நோயாளியின் வலக்கண்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிக்கையிலும் ஒப்புதல் படிவத்திலும் ஒரே பக்கம் எழுதப்பட்டுள்ளதா எனப் படித்துப் பார்த்தபின் கையொப்பமிடுங்கள். குறியிடக் கூச்சப்படும் பெண்கள், பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்கலாம்; குறியே வேண்டாமென மறுத்தல் கூடாது. சிசேரியன் போன்று நடுவில் செய்யப்படும் அறுவைக்கு இப்பக்கக் குறி தேவைப்படுவதில்லை. அங்கே குறியிடவில்லையே என மருத்துவரிடம் வாதாட வேண்டியதில்லை.