இரண்டாவது மோட்டர் காவல் ஆகாது

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணி கழிந்து இலங்கை முழுவதும் கறண்ட் நின்றது. யாழ்ப்பாணத்து அளவெட்டியில் என் உறவினர் வீட்டுக் கிணற்றடியில் இரண்டு மோட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. ஒன்று பழுதானால் மற்றது கைகொடுக்கும் என்று வாங்கியவை. அன்றைக்கு இரண்டுமே அசையவில்லை. தாங்கியில் முதல் நாளே தண்ணீர் அடி தட்டியிருந்தது. கப்பியைக் கழற்றி ஆண்டுகள் ஆகிவிட்டன. எட்டிப் பார்த்தால் கிணற்றில் தண்ணீர் தெரிகிறது, மாமியோ குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வளவுக்குப் போகிறார்.

"இன்னொரு மோட்டரைப் பூட்டி விடுங்கோ, பிறகு பயமில்லை" என்பது இன்று எங்கள் பக்கத்தில் வேதவாக்கு. கடைக்காரரும் சொல்கிறார், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். இந்தப் பேச்சையும் அதற்குத் துணையாக வரும் நியாயங்களையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது, "ஒன்றுக்கு இரண்டு இருந்தால் காவல்." மோட்டர் எரிந்தால் மட்டுமே இது சரி. கறண்ட் நின்றாலும் கிணற்றடிக்கு வரும் வயர் அறுந்தாலும் இரண்டும் ஒன்றாகத்தான் படுக்கும். ஒரே குழாயில் இரண்டையும் பூட்டியிருந்தால், அடியில் உள்ள ஃபுட்வால்வு ஒழுகத் தொடங்கியதும் இரண்டும் காற்றைத்தான் இழுக்கும். ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் சனத்துக்கு இது நன்றாகத் தெரியும். அங்கே வீடுகளுக்கு நிலக்கீழ் அறை உண்டு. ஊறி வரும் தண்ணீரை வெளியே தள்ள அங்குள்ள குழியில் ஒரு பம்ப் வைப்பார்கள். 2013 யூலை 8 அன்று விமான நிலையப் பகுதியில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது, லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரமும் போனது. தண்ணீரைக் கொண்டுவந்த அதே புயல் பம்பையும் நிறுத்திவிட்டது. அதனால்தான் அங்கே துணைப் பம்பைத் தனி பற்றரியில் ஓட விடுகிறார்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இதைப் பார்த்துத் தெரிந்து வைத்திருப்பவர்கள், ஊருக்கு மட்டும் இன்னொரு கறண்ட் மோட்டருக்குக் காசு அனுப்புவது ஏன்?

இரண்டாவது, "வாங்குவதுதான் வாங்குகிறோம், குதிரைவலு கூடினதாக வாங்குவோம்." ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆளுக்கு 100 லீற்றர் என்று வைத்தாலும் நாளுக்கு 500 லீற்றர்தான். அரைக் குதிரைவலு மோட்டரே அதைச் சிறிது நேரத்தில் ஏற்றிவிடும். நிலத்துக்கு மேலே வைத்து உறிஞ்சும் மோட்டர் எவ்வளவு பெரிதானாலும் 7, 8 மீற்றருக்குக் கீழே இருக்கும் தண்ணீரை ஒழுங்காக இழுக்காது. தண்ணீரை மேலே தள்ளுவது காற்றின் அழுத்தம், அதற்கு ஒரு எல்லை உண்டு. ஆவணி மாதத்தில் நீர்மட்டம் இறங்கிய கிணற்றில் குதிரைவலுவைக் கூட்டினால் காற்றுத்தான் கூடுதலாக வரும்.

இதில் இன்னொரு பெரிய விடயமும் இருக்கிறது. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. அளவெட்டி வழியே போகும் வழுக்கையாறும் மாரியில் மட்டும் ஓடுவது. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கிய மழைத்தண்ணீர் கடல் நீரின் மேல் ஒரு வில்லையாக மிதக்கிறது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி நிற்கும் என்பது கணக்கு. மேலே ஒரு அடி நிரந்தரமாகக் குறைந்தால், கீழே உவர் 40 அடி ஏற இடம் கிடைக்கிறது. ஒரு வீட்டு மோட்டரால் மட்டும் கிணறு உவராகாது. வீட்டுக்கு வீடு, தோட்டத்துக்குத் தோட்டம் எல்லோரும் குதிரைவலுவைக் கூட்டினால் ஆகும்.

மூன்றாவது, "கூரையில் சோலர் இருக்கு, கறண்ட் போனாலும் ஓடும்." இங்குதான் கூடப் பேர் ஏமாறுகிறார்கள். பொது மின்வலையமைப்புக்கு மின்சாரம் விற்கும் வழக்கமான சோலர், வெளியே கறண்ட் நின்றதும் தானாகவே நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காப்பதற்காக அப்படித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இல்லாவிட்டால், நல்ல மத்தியான வெயிலிலும் மோட்டர் ஓடாது.

நான்காவது, "ஜெனரேட்டர் கிடக்கு." ஒரு குதிரைவலு என்பது 746 வாற். ஆனால் மோட்டர் ஸ்டார்ட் எடுக்கும் நேரத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். ஒரு கிலோவாற் ஜெனரேட்டர் வீட்டு விளக்குகளை எரிக்கும், அந்த மோட்டரைக் கிளப்பாது. எண்ணெய்க்கு என்ன வழி? 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கறண்ட் வெட்டியபோது, பெற்றோல் செட்டில் வரிசையும் கிலோமீற்றர் கணக்கில் நீண்டது. கறண்ட் இல்லாத காலமும் எண்ணெய் இல்லாத காலமும் இந்த நாட்டில் கைகோத்து வருகின்றன.

ஐந்தாவது, "கப்பியும் வாளியும் அந்தக் காலம்." 1990க்குப் பிறகு போர் நடந்த சில ஆண்டுகள் குடாநாட்டில் கறண்ட் இல்லை, எண்ணெய்க்கும் தடை. மண்ணெண்ணெய் மிசினைக் கிளப்ப, அம்மா சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் சில சொட்டு விடுவார். கயிற்றைச் சுற்றி அண்ணை இழுப்பான். மிசின் இருமி இருமிப் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவான். அந்தச் சொட்டும் முடிந்த நாளில் எங்களுக்குத் தண்ணீர் தந்தது கப்பிதான். ஊரே அப்படித்தான் குளித்தது, குடித்தது, மிளகாய்க் கன்றையும் காப்பாற்றியது. அந்த அனுபவத்தைப் பழசு என்று தள்ளிவிட்டு, கிணற்று வாயை வாளி இறங்க வழியில்லாமல் கொங்கிறீற்றால் மூடுகிறோம்.

அப்படியானால் எதை வாங்குவது? முதலில் 1000 லீற்றர் தாங்கியை உயரத்தில் வையுங்கள். மேலே ஏறி நிற்கும் தண்ணீர் இரண்டு நாளைக்குக் காணும், அதற்குப் பற்றரியும் எண்ணெயும் தேவையில்லை. இருக்கும் மோட்டரை வெள்ளம் தொடாத உயரத்தில் மேடை கட்டி வையுங்கள். 2024 நவம்பர் மழை வெள்ளத்துக்குப் பிறகு இதற்கு விளக்கம் தேவையில்லை. கையில் காசு இருந்தால், சோலர் தகட்டில் நேரே ஓடும் சின்னப் பம்ப் ஒன்றைத் தனிக் குழாயோடு இறக்குங்கள். வெயில் உள்ள நேரத்தில் அது மெல்ல மெல்லத் தாங்கியை நிரப்பும். கிணற்று மூடியில் வாளி போக ஒரு கதவு விட்டு, கப்பியைத் திரும்பப் பூட்டுங்கள். எல்லாவற்றிலும் மலிவான காவல் அதுதான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை மெயின் சுவிச்சை நிறுத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போங்கள். ஒரு குடம் தண்ணீர் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியாவிட்டால், வாங்க வேண்டியது இன்னொரு மோட்டர் அல்ல.